பத்து பவுண்டுக்கு விலைபோன நாவல்

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தபோது, 10 பவுண்டு நோட்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். அதன் பின்பக்கத்தில் ஜேன் ஆஸ்டினின் முகம். இங்கிலாந்து வங்கி 2017-இல் வெளியிட்ட நோட்டு அது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்த என் கண்ணில் முதலில் பட்டது முகமன்று, தொகைதான். ஆஸ்டின் தம் எழுத்துக்குப் பெற்ற முதல் விலையும் அதே 10 பவுண்டு.

1775-இல் ஹேம்ப்ஷயரின் ஸ்டீவன்டன் கிராமத்தில், தேவாலயப் பாதிரியார் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் ஆஸ்டின். இருபத்தொரு வயதில் ஒரு நாவலை முடித்திருந்தார். 1797-இல் தந்தை அதுபற்றி லண்டன் பதிப்பாளர் ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். கையெழுத்துப் பிரதியைப் பார்க்காமலேயே மறுப்பு வந்தது. பின்னாளில் திருத்தப்பட்டு, 'பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்' என்ற பெயரில் உலகம் படித்த நாவல் அதுதான்.

1803-இல் 'சூசன்' என்ற மற்றொரு நாவலை கிராஸ்பி என்ற பதிப்பாளர் 10 பவுண்டுக்கு வாங்கினார். பேசியவர் அண்ணன் ஹென்றியின் வழக்கறிஞர். விளம்பரம் வந்தது, நூல் வரவில்லை. ஆறு ஆண்டுகள் அது பதிப்பாளரின் அலமாரியில் கிடந்தது. இதற்கிடையே 1805-இல் தந்தை மறைந்தார். தாயும் இரு மகள்களும் சகோதரர்கள் அனுப்பும் பணத்தை எதிர்நோக்கி வாழ வேண்டியதாயிற்று.

1809-இல் ஆஸ்டின் தாமே கிராஸ்பிக்கு எழுதினார். ஆனால் சொந்தப் பெயரில் அல்ல. திருமதி ஆஷ்டன் டென்னிஸ் என்ற புனைபெயரைச் சூடிக்கொண்டார். அதன் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் கடுங்கோபம் கொண்டவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வரும். தற்செயல் என்று நான் நம்பவில்லை. வெளியிடக் காலக்கெடு எதற்கும் தாம் உடன்படவில்லை, வேறெங்கேனும் அச்சிட்டால் சட்டப்படி தடுப்போம், வேண்டுமானால் கொடுத்த 10 பவுண்டைத் திருப்பித் தந்து பெற்றுக்கொள்ளலாம் என்பதே பதிலின் சாரம். சொந்த வருவாய் இல்லாத அவர் அப்போது நூலை மீட்கவில்லை. அக்காலத்தில் மூன்று பாக நாவல் ஒன்று 15 முதல் 18 ஷில்லிங் வரை விற்றது. அதாவது, ஒரு டசன் பிரதிகளின் விலையில் அவருடைய நாவல் ஒன்று சிறைப்பட்டிருந்தது.

அன்றைய சந்தை பெண்களுக்கு முற்றிலும் அடைத்திருந்ததா என்றால், இல்லை. மரியா எட்ஜ்வொர்த் 1814-இல் வெளிவந்த ஒரே நாவலுக்கு 2,100 பவுண்டு பெற்றார். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் பேர்பெறாத ஒரு கிராமத்துப் பெண் தந்தையையோ அண்ணனையோ முன்னிறுத்தித்தான் அதற்குள் நுழைய முடிந்தது. ஆஸ்டின் மணமாகாதவர் என்பதால் சட்டப்படி ஒப்பந்தம் செய்ய உரிமை உடையவர். மணமான பெண்ணுக்கு அதுவும் இல்லை. அவள் ஈட்டிய பணம் கணவனுடையது.

1811-இல் எகர்ட்டன் என்பவர் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யை வெளியிட்டார். முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை; ஒரு சீமாட்டி எழுதியது என்று மட்டும் இருந்தது. காகிதம், அச்சு, விளம்பரம் ஆகிய செலவெல்லாம் ஆசிரியருடையது. பதிப்பாளருக்கு விற்பனையில் கழிவு. நட்டம் வரும் என்றே எண்ணி ஆஸ்டின் பணம் ஒதுக்கிவைத்தார். வந்ததோ 140 பவுண்டு இலாபம்.

துணிந்தவருக்குப் பலன் கிடைத்தது. அடுத்த நூலில் அவர் துணியவில்லை. 'பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்' உரிமைக்கு 150 பவுண்டு எதிர்பார்த்து 110-க்கு இசைந்தார். 1813-இல் வெளிவந்த அந்நூல் அதே ஆண்டில் மறுபதிப்புக் கண்டது. ஆசிரியருக்கு அதன்பின் ஒரு காசும் சேரவில்லை. அத்தவற்றை அவர் மீண்டும் செய்யவில்லை என்பதை நான் வகுப்பில் வியப்போடு சொல்வதுண்டு.

1815-இல் ஜான் மர்ரே, 'எம்மா'வையும் முந்தைய இரு நாவல்களின் உரிமையையும் சேர்த்து 450 பவுண்டுக்குக் கேட்டார். பேச்சு நடந்துகொண்டிருக்கையில் ஹென்றி நோயில் விழுந்தார். ஆஸ்டின் தாமே மர்ரேவுக்குக் கடிதம் எழுதி, நேரில் வந்து பேசுமாறு அழைத்தார். உரிமையை விற்காமல், தம் பொறுப்பிலேயே நூலை வெளியிடச் செய்தார். கணக்குப் பார்த்தால் அம்முடிவு அவருக்கு இலாபமாக அமையவில்லை. 'மேன்ஸ்ஃபீல்டு பார்க்' இரண்டாம் பதிப்பு விற்காமல், அதன் நட்டம் 'எம்மா'வின் வரவைத் தின்றது. அவர் கைக்கு வந்தது 39 பவுண்டுக்கும் குறைவு. ஆயினும் அதைப் பிழை என்று என்னால் எழுத இயலாது. முதன்முறையாகப் பேரம் பேசியதும் மறுத்ததும் அவரே.

1816-இல் ஹென்றியின் வங்கி நொடித்தது. அதே ஆண்டில்தான் 'சூசன்' மீட்கப்பட்டது, அதே 10 பவுண்டுக்கு. மீண்ட பிறகே, பிரதியை எழுதியவர் 'பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்' ஆசிரியர் என்பதைக் கிராஸ்பிக்கு ஹென்றி தெரிவித்தாராம்; இது குடும்பத்தார் சொல்லிவந்த செய்தி. அந்த முகத்தைப் பார்க்க எனக்கும் ஆசைதான். அந்நாவல் 'நார்தாங்கர் அபே' என்ற பெயரில் அச்சேறியபோது ஆஸ்டின் உயிரோடில்லை. 1817 ஜூலை 18 அன்று வின்செஸ்டரில் தம் 41-ஆம் வயதில் மறைந்தார்.

அந்நூலின் முன்னுரையில்தான் ஹென்றி தங்கையின் பெயரை முதன்முதலாக அச்சில் வெளியிட்டார். புகழுக்காகவோ பொருளுக்காகவோ அவர் எழுதவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அண்ணன் தங்கைக்குச் செய்த மரியாதை அது. அக்காலத்தில் பெண்ணுக்குப் பெருமையும் அதுவே. ஆனால் ஆஸ்டின் தம் கைப்பட எழுதிய சிறு கணக்குச் சீட்டு ஒன்று எஞ்சியுள்ளது. நாவல்களால் வந்த இலாபமும், கடற்படைக் கடன் பத்திரத்தில் முதலிட்ட 600 பவுண்டும் அதில் உள்ளன. வாழ்நாளில் எழுத்தால் அவர் ஈட்டியது 700 பவுண்டை எட்டவில்லை. அதில் பெரும்பகுதியை முதலீடாக்கியிருந்தார்.

என் மாணவர் காட்டிய நோட்டில் இருப்பதும் குடும்பத்தார் விரும்பிய முகமே. அக்கா காசாண்ட்ரா வரைந்த ஓவியத்தில் உதடுகள் இறுகி, பார்வை சற்றுக் கடுகடுப்பாக இருக்கும். அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின் உறவினர் எழுதிய வாழ்க்கை வரலாற்றுக்காக அது இனிமையாக்கப்பட்டது. நோட்டில் ஏறியது அந்த இனிய முகம்.

வின்செஸ்டர் பேராலயத்தில் அவர் கல்லறைக் கல்லில் நாவல்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது. 1832-இல் பென்ட்லி என்ற பதிப்பாளர் ஐந்து நாவல்களின் உரிமையை ஹென்றியிடமும் காசாண்ட்ராவிடமும் 210 பவுண்டுக்கு வாங்கினார். ஆறாவதான 'பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்' உரிமைக்கான 40 பவுண்டு, எகர்ட்டனின் வாரிசுதாரர்களுக்குப் போயிற்று.