பிரான்சுவா அராகோ

டொமினிக் பிரான்சுவா ழான் அராகோ (பெப்ரவரி 26, 1786 – அக்டோபர் 2, 1853) பிரான்சு நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர், வானியலாளர் மற்றும் அரசியலாளர் ஆவார். ஒளியியல், மின்காந்தவியல், புவி அளவையியல் ஆகிய துறைகளில் பங்களிப்புச் செய்தவர். சுழலும் செப்புத் தட்டு காந்த ஊசியை இழுத்துச் செல்வதை 1824-25 ஆம் ஆண்டுகளில் இவர் கண்டறிந்தார். பழைய தானுந்துகளில் உள்ள ஊசி வகை வேகமானி இவ்விளைவின் அடிப்படையிலேயே இயங்குகிறது.

இளமைக் காலம்

அராகோ, தெற்குப் பிரான்சில் பெர்ப்பின்யான் நகருக்கு அருகிலுள்ள எசுத்தாசெல் என்னும் சிற்றூரில், கட்டலான் மொழி பேசும் பகுதியில் பிறந்தார். இவருடைய தம்பியருள் சாக் அராகோ பயண எழுத்தாளராகவும், எத்தியேன் அராகோ 1870 இல் பாரிசு நகர முதல்வராகவும் விளங்கினர். 1803 இல் பாரிசின் எக்கோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்த அராகோ, படிப்பு முடியுமுன்னரே பாரிசு வானாய்வகத்தில் செயலாளர் பணியைப் பெற்றார்.

நெடுவரை அளவீடும் சிறைவாசமும்

பூமியின் நெடுவரை ஒன்றின் நீளத்தைக் கொண்டே மீட்டர் என்ற அலகு வரையறுக்கப்பட்டது. பாரிசு வழியாகச் செல்லும் நெடுவரையை அளக்கும் பணியைத் தெலாம்பர், மெசேன் ஆகியோர் தொடங்கியிருந்தனர். மெசேன் 1804 இல் இறந்தபின், அளவீட்டைப் பலேயாரிக் தீவுகள் வரை நீட்டிப்பதற்காக 1806 இல் அராகோவும் பியோவும் எசுப்பானியாவுக்கு அனுப்பப்பட்டனர்.

பியோ முன்னதாகவே பாரிசு திரும்பிவிட, அராகோ மயோர்க்கா தீவில் பணியைத் தொடர்ந்தார். 1808 இல் பிரான்சியப் படைகள் எசுப்பானியாவில் நுழைந்தன. மலையுச்சியில் அளவீட்டுக்காக இவர் எரித்த தீயை, எதிரிப் படைக்குத் தரப்படும் சைகை எனத் தீவு மக்கள் எண்ணினர். ஒற்றன் என ஐயுறப்பட்ட அராகோ பெல்வெர் கோட்டையில் அடைபட்டார். அங்கிருந்து தப்பி மீன்பிடிப் படகில் அல்சியர்சை அடைந்தார். அங்கிருந்து மார்சேய்க்குப் புறப்பட்ட கப்பலை எசுப்பானியக் கடற்கொள்ளைக் கப்பலொன்று பிடித்ததால் மீண்டும் சிறைப்பட்டார். விடுதலையாகிப் புறப்பட்ட கப்பலும் காற்றினால் ஆப்பிரிக்கக் கரைக்கே தள்ளப்பட்டது. இறுதியில் 1809 சூலையில் தாய்நாடு திரும்பினார். இத்தனை இடர்களுக்கிடையிலும் தம் அளவீட்டுக் குறிப்புகளை இவர் இழக்கவில்லை. அதே ஆண்டில், தமது 23 ஆம் வயதில், பிரான்சிய அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஒளியியல்

ஒளி அலை வடிவானது என்ற பிரெனெலின் கருத்தை ஆதரித்தவர்களுள் அராகோ முதன்மையானவர். அக்கருத்து உண்மையானால், வட்டத் தட்டு ஒன்றின் நிழலின் நடுவில் ஒளிப்புள்ளி ஒன்று தோன்ற வேண்டும் எனப் பொய்சான் கணக்கிட்டு, அது நடவாத செயல் என்று வாதிட்டார். அராகோ அச்சோதனையைச் செய்துபார்த்தபோது ஒளிப்புள்ளி தோன்றியது. 1819 இல் பிரெனெலுக்குக் கழகத்தின் பரிசு கிடைத்தது.

காற்றிலும் நீரிலும் ஒளியின் வேகத்தைச் சுழலும் கண்ணாடி கொண்டு ஒப்பிடும் முறையை 1838 இல் அராகோ முன்மொழிந்தார். பார்வை மங்கியதால் அவரால் அதனை நிறைவேற்ற இயலவில்லை. 1850 இல் பூக்கோ, பீசோ ஆகியோர் அச்சோதனையைச் செய்து, நீரில் ஒளி மெதுவாகச் செல்வதைக் காட்டினர்.

சுழற்சிக் காந்தவியல்

ஊசலாடும் காந்த ஊசிக்கு அருகில் செம்பு இருந்தால் ஊசி விரைவில் ஓய்வடைவதை 1824 இல் அராகோ கவனித்தார். செம்பு காந்தத்தால் கவரப்படாத உலோகம் என்பதால் இது வியப்புக்குரியதாக இருந்தது. பின்னர் செப்புத் தட்டொன்றைச் சுழற்றி, அதன் மேல் காந்த ஊசியைத் தொங்கவிட்டார். தட்டு சுழன்ற திசையிலேயே ஊசி திரும்பியது. வேகம் கூடியபோது ஊசி தட்டுடன் சேர்ந்து சுழலவும் தொடங்கியது. இச்சோதனை அராகோவின் தட்டு என அறியப்படுகிறது. இதற்காக 1825 இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் கோப்ளி பதக்கம் இவருக்கு வழங்கப்பட்டது.

அதே ஆண்டில் இங்கிலாந்தில் சார்லசு பாபேச்சும் சான் எர்செலும் சோதனையைத் தலைகீழாகச் செய்தனர். அவர்கள் காந்தத்தைச் சுழற்றியபோது, அதன் மேல் தொங்கிய செப்புத் தட்டு சுழன்றது. காரணத்தை 1831 இல் மைக்கேல் பரடே விளக்கினார். காந்தப்புலமும் உலோகமும் ஒன்றுக்கொன்று சார்பாக நகரும்போது உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்படுகின்றன. அவை அந்தச் சார்பு இயக்கத்தை எதிர்ப்பதால் இழுவிசை உண்டாகிறது.

வேகமானியில் பயன்பாடு

இழுவிசை சுழற்சி வேகத்தைப் பொறுத்துக் கூடுவதால், அதனைக் கொண்டு வேகத்தை அளக்கலாம். இசுட்ராசுபூர்க் நகரைச் சேர்ந்த ஒட்டோ சூல்ட்செ, இத்தகைய வேகமானிக்கு 1902 இல் செருமனியில் காப்புரிமை பெற்றார். இவ்வகைக் கருவியில் கியர்பெட்டியிலிருந்து வரும் கம்பிவடம் ஒரு நிலைக்காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சூழ்ந்துள்ள அலுமினியக் கிண்ணம் அதே திசையில் இழுக்கப்படுகிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று அதனைத் தடுக்கிறது. இரு விசைகளும் சமன்படும் இடத்தில் ஊசி நிற்கிறது.

இக்கருவி சாலையில் செல்லும் வேகத்தை நேரடியாக அறிவதில்லை. கம்பிவடத்தின் சுழற்சியை மட்டுமே அறிகிறது. ஆகவே அதன் காட்டளவு சரியாக இருக்க, சக்கரத்தின் அளவு, பின் அச்சின் பல்லிணை விகிதம், கியர்பெட்டியில் கம்பிவடத்தைச் சுழற்றும் பற்சக்கரங்கள் ஆகிய மூன்றும் கருவியுடன் பொருந்த வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு மைலுக்குச் சக்கரம் 800 முறை சுழல்வதாகவும், பின் அச்சு விகிதம் 4 எனவும் கொள்வோம். கியர்பெட்டியின் வெளியீட்டுத் தண்டு ஒரு மைலுக்கு 3200 முறை சுழலும். தண்டிலுள்ள பற்சக்கரத்தில் 5 பற்களும், கம்பிவடத்தின் பற்சக்கரத்தில் 16 பற்களும் இருந்தால், கம்பிவடம் 1000 முறை சுழலும். மைலுக்கு 1000 சுழற்சிகளுக்கென அமைந்த வேகமானி இதில் சரியாகக் காட்டும்.

நெடுஞ்சாலையில் இயந்திரம் மெதுவாகச் சுழன்றாலே போதும் என்பதற்காக, பழைய தானுந்துகளின் பின் அச்சைச் சிலர் மாற்றுவதுண்டு. மேற்கண்ட தானுந்தில் விகிதம் 3.2 ஆக மாறினால், தண்டு 2560 முறையும் கம்பிவடம் 800 முறையும் மட்டுமே சுழலும். வண்டி மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும்போது ஊசி 48 எனக் காட்டும். ஊசி 60 எனக் காட்டும்போது உண்மை வேகம் 75 மைல் ஆகும். ஓட்டுநர் தம்மை அறியாமலே வேக வரம்பை மீற நேரிடும்.

இதனைச் சரிசெய்யக் கம்பிவடத்தின் பற்சக்கரத்தை மாற்றுவது பொதுவான வழியாகும். 16 பற்களுக்குப் பதிலாக 13 பற்கள் கொண்டதைப் பொருத்தினால் கம்பிவடம் மைலுக்கு ஏறத்தாழ 985 முறை சுழலும். 60 மைல் வேகத்தில் ஊசி 59 எனக் காட்டும். பற்களின் எண்ணிக்கை முழு எண்ணாகவே இருக்க வேண்டியிருப்பதால் சிறு பிழை எஞ்சுகிறது. தகுந்த பற்சக்கரம் கிடைக்காதபோது, கம்பிவடத்தின் இடையில் சிறிய விகித மாற்றுப் பெட்டி பொருத்தப்படுகிறது. காந்தத்தின் வலிமையையோ சுருள்வில்லையோ மட்டும் மாற்றினால் ஊசி திருந்தும். ஆனால் தொலைவைக் கணக்கிடும் எண்சக்கரங்கள் பற்சக்கரங்களால் இயங்குவதால், அவற்றின் பிழை அப்படியே நீடிக்கும்.

பொதுவாழ்வு

1830 இல் அராகோ அறிவியல் கழகத்தின் நிரந்தரச் செயலாளரானார். கழகத்தின் அமர்வுகளை வாரந்தோறும் அச்சிடும் வழக்கம் 1835 இல் இவரது முயற்சியால் தொடங்கியது. 1839 இல் தாகெரின் ஒளிப்பட முறையை உலகுக்கு அறிவித்தவரும் இவரே. யுரேனசு கோளின் இயக்கத்தை ஆராயுமாறு இலெவெரியேயைத் தூண்டினார். அவ்வாய்வின் விளைவாக 1846 இல் நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டது.

குடியரசுக் கொள்கையரான அராகோ, 1848 புரட்சிக்குப் பின் அமைந்த இடைக்கால அரசில் கடற்படை, குடியேற்ற நாடுகள் அமைச்சராகவும், பின்னர் போர் அமைச்சராகவும் பணியாற்றினார். இவர் காலத்தில், செல்செரின் உழைப்பால், பிரான்சியக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதற்கான ஆணை ஏப்ரல் 27, 1848 இல் பிறப்பிக்கப்பட்டது. மே முதல் சூன் வரை நிறைவேற்று ஆணையத்தின் தலைவராகவும் இருந்தார்.

1852 இல் அரசு அலுவலர் அனைவரும் லூயி நெப்போலியனுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்குமாறு கோரப்பட்டனர். அராகோ மறுத்துவிட்டார். எனினும் அவர் பதவியிலிருந்து நீக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு பாரிசில் காலமான இவரது உடல் பெர் லசேசு கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

நினைவுகள்

ஐபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்டுள்ள 72 பெயர்களுள் அராகோவின் பெயரும் ஒன்று. நிலவிலும் செவ்வாயிலும் ஒவ்வொரு பள்ளத்துக்கும், நெப்டியூனின் வளையம் ஒன்றுக்கும் இவரது பெயர் இடப்பட்டுள்ளது. பாரிசில் இருந்த இவரது வெண்கலச் சிலை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருக்கப்பட்டது. அதற்கு ஈடாக 1994 இல் டச்சுக் கலைஞர் யான் திபெத்சு, அராகோவின் பெயர் பொறித்த 135 வெண்கல வில்லைகளைப் பாரிசு நெடுவரை நெடுகிலும் தரையில் பதித்தார்.