ஏழைக்கு இல்லம் வகுத்தவர்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதவை. இவற்றுள் முதல் இரண்டையும் ஏழை ஒருவன் அன்றாடம் சிறிது சிறிதாகத் தேடிக்கொள்ளக்கூடும். வீடு அத்தகையது அன்று. அஃது ஒரே காலத்தில் பெரும்பொருளை வேண்டி நிற்பது. ஆதலால், உழைத்து உண்ணும் மக்கள் பல நாடுகளிலும் நல்ல வீட்டைக் கனவிலேயே கண்டு வந்தனர். அக்கனவை, அவர்தம் காலடியில் கிடக்கும் மண்ணைக் கொண்டே நனவாக்க முனைந்தவர் எகிப்து நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹி ஆவார்.

ஹசன் ஃபத்ஹி 1900 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23 ஆம் நாள் அலெக்சாந்திரியா நகரில் பிறந்தார். அவர் குடும்பம் நிலபுலம் மிக்க செல்வக் குடும்பம். ஆயினும், அவருடைய தந்தையார் தம் நிலங்களை எட்டிப் பார்ப்பதே இல்லை. நாட்டுப்புறம் என்றால் ஈயும் கொசுவும் நோயும் மலிந்த இடம் என்பது அவர் எண்ணம். தாயாரோ இளமையில் சிற்றூரில் வளர்ந்தவர். தம்மை விடாது பின்தொடர்ந்து வந்த ஆட்டுக்குட்டியைப் பற்றியும், வீட்டிற்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் ஊரிலேயே விளைந்த வளத்தைப் பற்றியும் அவர் மகனுக்குக் கதை கதையாகக் கூறுவார். இவ்விரண்டு நாட்டுப்புறங்களும் அச்சிறுவனின் உள்ளத்தில் அருகருகே குடியிருந்தன.

வேளாண்மைக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவருடைய முதல் விருப்பம். நகரிலேயே வளர்ந்த அவ்விளைஞர் பயிர்களைப் பற்றிக் கேட்ட வினாக்களுக்கு விடை கூற இயலாமல் நுழைவுத் தேர்வில் தவறினார். பிறகு கட்டடக் கலை பயின்று 1926 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். தம் குடும்பத்து நிலத்தை அவர் முதன்முதல் மிதித்தது இருபத்தேழாம் வயதில்தான். அங்கே அவர் கண்டது தாயார் கூறிய சோலையும் அன்று. தந்தையார் அஞ்சிய சேறு மட்டும் அன்று. தம் குடும்பத்தின் செல்வத்தை விளைவித்த உழவர்கள் இருண்ட, தாழ்ந்த, அழுக்கடைந்த குடில்களில் முடங்கிக் கிடந்தனர். அக்காட்சி அவர் நெஞ்சைச் சுட்டது. அன்று தொடங்கிய எண்ணம் அவர் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை.

1930 ஆம் ஆண்டு முதல் கெய்ரோ நகரின் நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே அவர் சிற்றூர் வீட்டைப் பற்றிச் சிந்தித்து வந்தார். எகிப்து உழவனுக்கு மண் விலையின்றிக் கிடைப்பது. நைல் ஆற்று வண்டலோடு மணலும் வைக்கோலும் கலந்து, கல்லாக அறுத்து, வெயிலில் உலர்த்தினால் சுவருக்கு வேண்டிய பொருள் ஆயிற்று. மழை அரிதாகப் பெய்யும் நாடாதலின் அச்சுவர் எளிதில் கரைவதும் இல்லை. ஆனால், கூரைக்கு என் செய்வது? எகிப்தில் உத்தரத்திற்கு ஏற்ற மரம் அரிது. இரும்பும் சிமிட்டியும் ஏழைக்கு எட்டாதவை. சுவரைக் கையால் எழுப்பிக்கொண்டவன் கூரைக்காகக் கடன்பட வேண்டியவன் ஆனான். ஏழையின் வீட்டுச் சிக்கல் முழுவதும் தலைக்கு மேலேதான் இருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது இச்சிக்கல் முற்றியது. கெய்ரோவுக்கு அருகில் பாத்தீம் என்னும் இடத்தில் ஒரு பண்ணைக்கு வீடுகள் கட்டும் பணி அவருக்கு வாய்த்தது. சுவர்கள் எழுந்தன. போர் காரணமாக மரமும் இரும்பும் கிடைக்கவில்லை. கூரையையும் மண்கல்லாலேயே வளைத்து அமைக்கலாம் என்று துணிந்தார். முறை அறியாது எழுப்பிய அவ்வளைவுகள் இடிந்து விழுந்தன. அப்போது அசுவான் அணைப் பணியில் இருந்த அவருடைய உடன்பிறந்தார், தென்னாட்டு நூபியர்கள் சாரமோ மரச்சட்டமோ இன்றி மண்கல்லால் கூரை வேய்வதைக் கூறினார். 1941 ஆம் ஆண்டில் ஃபத்ஹி அசுவானுக்குப் புறப்பட்டார்.

ஆற்றின் மேலைக்கரையில் உள்ள சிற்றூர் ஒன்றில் அவர் தேடியது கிடைத்தது. வரிசை வரிசையாக நின்ற மண் வீடுகள் தூய்மையும் அழகும் பொலிய விளங்கின. ஒவ்வொரு வீட்டின் மேலும் வளைகூரை ஒன்று கவிந்திருந்தது. அருகில் இருந்த பழைய கிறித்தவ மடத்திலும் அதே கூரை. இலக்சர் நகருக்கு எதிர்க்கரையில் இரண்டாம் இராம்சேசு மன்னன் எடுப்பித்த கோயிலின் களஞ்சியங்களிலும் அதே கூரை. அக்களஞ்சியங்கள் 3,200 ஆண்டுகளாக நிற்பவை. அவையும் சுடாத மண்கல்லால் ஆனவையே. கல்லூரிகள் கற்பிக்க மறந்த கலையை எழுத்தறியாத கொத்தர்கள் தந்தையிடமிருந்து மகன் என்னும் வழியில் காத்து வந்திருந்தனர்.

அவர்கள் கூரை அமைக்கும் முறை வியப்புக்குரியது. அறையின் இரண்டு நீளச் சுவர்களுக்கும் ஒரு முனையில் உயரமான சுவர் ஒன்று நிற்கும். கொத்தர் அதன்மீது குழைத்த மண்ணை அப்பி, நூலும் அளவுகோலும் இன்றி, வளைவுக்கோடு ஒன்றைக் கையால் வரைந்து, வாய்ச்சியால் செதுக்கி ஒழுங்குபடுத்துவார். கூரைக்கு அறுக்கும் கல் தனி வகையானது. வைக்கோல் மிகுதியாகச் சேர்த்து எடை குறைந்ததாகச் செய்யப்பெறும். 25 சென்டிமீட்டர் நீளமும், 15 சென்டிமீட்டர் அகலமும், 5 சென்டிமீட்டர் கனமும் உடையது. அதன் முகத்தில் விரலால் இழுத்த பள்ளக்கோடுகள் இருக்கும். ஈரமண் அவற்றுள் புகுந்து கல்லை இறுகப் பற்றும். முதல் வரிசைக் கற்களை நேராக நிறுத்தாமல், உயர்ந்த சுவரின்மீது சற்றே சாய்த்து ஒட்டுவர். அடுத்த வரிசை முதல் வரிசையின்மேல் சாயும். இங்ஙனம் ஒவ்வொரு வரிசையும் தனக்கு முந்தியதையே துணையாகக் கொள்வதால் கீழே முட்டுக்கொடுக்க மரம் வேண்டுவதில்லை. வளைவின் வடிவமும் பொருள் உடையது. மண் அமுக்கத்தைத் தாங்கும். இழுப்பையும் வளைப்பையும் தாங்காது. அவ்வடிவத்தில் ஒவ்வொரு கல்லும் அமுக்கப்படுகிறதேயன்றி இழுக்கப்படுவதில்லை.

ஃபத்ஹி நூபியக் கொத்தர்களை வடக்கே அழைத்துச் சென்றார். அவர்கள் ஓர் அறைக்கு ஒன்றரை நாளில் கூரை வளைத்து முடித்ததைக் கண்டு அவர் உள்ளம் பூரித்தது. பின்னர், வெள்ளத்தால் அழிந்த ஒரு சிற்றூருக்காக 164 எகிப்தியப் பவுன் செலவில் மண் வீடு ஒன்றை மாதிரியாகக் கட்டிக் காட்டினார். பொறுப்பில் இருந்தவர்களோ பன்மடங்கு செலவில் சிமிட்டி வீடுகளை அமைத்துக்கொண்டு, அம்மாதிரி வீட்டை இடித்துத் தள்ளினர். மலிவாக இருப்பது தாழ்வாகத்தான் இருக்கும் என்னும் எண்ணம் மண்ணினும் கடியதாக இருந்தது.

அவருடைய பெருமுயற்சி குர்ணா என்னும் ஊரில் நிகழ்ந்தது. பண்டைத் தீப்சு நகரத்துப் பெருமக்களின் பாறைக் கல்லறைகளின்மேல் அமைந்தது அவ்வூர். அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 7,000 மக்களுள் பலர் கல்லறைப் பொருள்களைத் தோண்டி விற்று வாழ்ந்தனர். பாறையில் செதுக்கிய சிற்பம் ஒன்று முழுமையாகப் பெயர்த்தெடுக்கப்பட்டு மறைந்தபோது, அரசின் தொல்பொருள் துறை ஊரையே வேறிடம் மாற்ற முடிவு செய்தது. 50 ஏக்கர் அளவுள்ள நிலம் சமவெளியில் வாங்கப்பெற்றது. புதிய ஊரை வகுக்கும் பொறுப்பு ஃபத்ஹியிடம் வந்தது. 1945 ஆம் ஆண்டில் பணி தொடங்கிற்று.

ஒரே அச்சில் வார்த்த நூற்றுக்கணக்கான வீடுகளை வரிசையில் நிறுத்துவது எளிது. அதனை அவர் வெறுத்தார். ஒவ்வொரு குடும்பத்தின் தேவையையும் கேட்டறிந்து ஒவ்வொரு வீடும் அமைய வேண்டும் என்றார். உறவினர் குழு ஒவ்வொன்றும் தமக்கென ஒரு சதுக்கத்தைச் சூழ்ந்து வாழுமாறு தெருக்களை வகுத்தார். வீட்டின் நடுவே திறந்த முற்றம் விட்டார். இரவில் இறங்கும் குளிர்ந்த காற்று பகலின் முற்பகுதி வரையில் அங்கே தங்கியிருக்கும். கூரைக்கு மேலே காற்று வரும் திசை நோக்கி வாய் திறந்த காற்றுத் தூம்புகளை எழுப்பினார். பள்ளிக்கூடத்தின் தூம்பில் நனைத்த கரியை வைத்து, அதன் வழியே இறங்கும் காற்றைக் குளிரச் செய்தார். தொழுகைப் பள்ளி, அங்காடி, விடுதி, நாடக அரங்கு, சிறுவர் பள்ளி, சிறுமியர் பள்ளி ஆகியவையும் மண்ணாலேயே எழுந்தன. ஆற்றுநீரிலும் குளத்திலும் நத்தைகள் வழியாகப் பரவும் நோய் உழவரையும் சிறுவரையும் வாட்டி வந்தது. அதனைக் கருதி, சிறுவர் அச்சமின்றி நீந்துவதற்கு ஏற்ற குளம் ஒன்றையும் அவர் திட்டத்தில் சேர்த்தார். நூபியக் கொத்தர்களிடம் உள்ளூர் இளைஞர்கள் தொழில் பயின்றனர். வீட்டை அமைப்பதோடு, வீடு கட்டத் தெரிந்தவனையும் ஆக்குவது அவர் நோக்கம்.

ஆயினும், அவ்வூர் முற்றுப்பெறவில்லை. அலுவலகங்களில் ஆணைகள் தாமதமாயின. வைக்கோல் வாங்குவதற்கும் கூலி கொடுப்பதற்கும் தாள்கள் மேசைக்கு மேசை அலைந்தன. குர்ணா மக்களோ மலையை விட்டு இறங்க மறுத்தனர். ஓர் இரவில், புதிய ஊரை ஆற்று வெள்ளத்தினின்றும் காத்து நின்ற கரையைச் சிலர் வெட்டிவிட்டனர். நீர் உள்ளே பாய்ந்தது. ஃபத்ஹி தொழிலாளரோடு சேர்ந்து போராடி உடைப்பை அடைத்தார்.

இம்மக்களை நன்றியற்றவர் என்று இகழ்வது முறையன்று. அவர்கள் பிழைப்பு மலையில் இருந்தது; புதிய ஊரில் அதற்கு மாற்றாக உறுதியான தொழில் ஒன்றும் ஆயத்தமாக இல்லை. குவிமாடம் கல்லறைக்கு உரியது என்னும் எண்ணமும் அவர்களிடம் இருந்தது. இடம் மாற வேண்டும் என்று முடிவு செய்தவர் எவரும் அவர்களைக் கேட்டு முடிவு செய்யவில்லை. கலைஞரின் அன்பு உண்மையானது. ஆனால், அவ்வன்பு அரசின் ஆணையோடு சேர்ந்து வந்தமையால் அது மக்களுக்கு அன்பாகத் தோன்றவில்லை. 1948 ஆம் ஆண்டோடு பணி ஏறத்தாழ நின்றுபோயிற்று. திட்டமிட்ட ஊரில் ஒரு பகுதியே எழுந்திருந்தது.

மனம் நொந்த ஃபத்ஹி 1957 ஆம் ஆண்டில் தாய்நாட்டை விட்டு ஏதென்சு நகர் சென்று சில ஆண்டுகள் பணியாற்றினார். திரும்பி வந்த பின்னரும் மண்ணை அவர் கைவிடவில்லை. 1964 ஆம் ஆண்டில் கெய்ரோவில் நிகழ்ந்த ஓர் ஆய்வு அவர் கூற்றுக்கு அரண் செய்தது. 50 சென்டிமீட்டர் கனமுள்ள மண்கல் சுவரும் கூரையும் கொண்ட அறையையும், 10 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட்டுப் பலகைகளால் ஆன அறையையும் ஒப்பிட்டு நோக்கினர். இரவும் பகலுமாக ஒரு நாள் முழுவதும் மண் அறையின் வெப்பம் 21 பாகைக்கும் 23 பாகைக்கும் இடையிலேயே நின்றது. கான்கிரீட்டு அறையில் அது 36 பாகை வரையில் ஏறியது. அது வெளியே இருந்த வெப்பத்தைக் காட்டிலும் 9 பாகை மிகுதி. வெயிலுக்கு ஒதுங்கச் சென்றவன் வெளியில் நிற்பதே மேல் என்று எண்ணும்படி ஆயிற்று. கனத்த மண் பகல் வெப்பத்தை மெல்ல வாங்கி, இரவில் மெல்ல விடுவதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

கார்கா பாலைவனச் சோலையில் பாரீசு என்னும் புதிய ஊர் ஒன்றை அவர் தொடங்கினார். அங்கே அங்காடியின் நிலவறைகளில், காய்கறி கெடாதிருக்கக் காற்றுத் தூம்புகளைக் கொண்டே குளிர்ச்சி உண்டாக்கினார். 1967 ஆம் ஆண்டுப் போர் அப்பணியையும் நிறுத்திவிட்டது. இதற்கிடையே, அவருக்குக் கலை கற்பித்த நூபியர்களின் நிலையும் மாறியது. அசுவான் உயர் அணையின் நீர் ஏறியதால், 1963, 1964 ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 50,000 நூபியர்கள் கோம் ஓம்போவுக்கு அருகில் அரசு கட்டிய வீடுகளில் குடியேற்றப்பட்டனர். வளைகூரை ஊர்கள் பல நீரில் மூழ்கின.

முடிவுறாத ஊரின் வரலாற்றை ஃபத்ஹி நூலாக எழுதினார். 1969 ஆம் ஆண்டில் கெய்ரோவில் வெளிவந்த அந்நூல், 1973 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோப் பல்கலைக் கழகத்தால், ஏழைகளுக்கான கட்டடக் கலை என்று பொருள்படும் தலைப்போடு வெளியிடப்பெற்றது. அதன்பின் அவர் பெயர் உலகெங்கும் பரவிற்று. 1980 ஆம் ஆண்டில் ஆகா கான் கட்டடக் கலை விருதின் தலைவர் பரிசும், நல்வாழ்வு விருதும் ஒருங்கே கிடைத்தன. 1984 ஆம் ஆண்டில் அனைத்துலகக் கட்டடக் கலைஞர் ஒன்றியம் பொற்பதக்கம் அளித்தது. எண்பது வயதைக் கடந்த பின்னரும் அவர் நூபியக் கொத்தர்களை உடன் அழைத்துக்கொண்டு அமெரிக்கப் பாலைநிலம் வரையில் சென்று அக்கலையைக் காட்டினார். எனினும், ஒரு முரண் அவரை விட்டு அகலவில்லை. ஏழைகளுக்கென அவர் வகுத்த ஊர்கள் பாதியில் நிற்க, அவர் முழுமையாகக் கட்டி முடித்த மண் மாளிகைகளுள் பல செல்வர்க்கு உரியவையாகவே அமைந்தன.

கெய்ரோவின் பழைய கோட்டைக்குக் கீழே ஒரு பழம்பெரும் வீட்டில், நூல்களும் பூனைகளும் சூழ அவர் வாழ்ந்தார். வயலின் இசைப்பதில் அவருக்கு விருப்பம் மிகுதி. இளங்கலைஞர்கள் பல நாடுகளிலிருந்தும் அவரைத் தேடி வந்தனர். 1989 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30 ஆம் நாள் அவர் மறைந்தார்.

புதிய குர்ணாவின் பிற்காலமும் அமைதியானதன்று. நிலத்தடி நீர் ஏறி மண்சுவர்களை அரித்தது. குடும்பங்கள் பெருகியபோது, குடியிருந்தோர் வளைகூரைகளை இடித்து மாடிகளை எழுப்பினர். 2006 ஆம் ஆண்டில் மலைமேல் இருந்த பழைய ஊரை அரசு இடிக்கத் தொடங்கியது. அங்கிருந்தோர் வேறு புதிய குடியிருப்புகளுக்குச் சென்றனர். 2010 ஆம் ஆண்டில் புதிய குர்ணா, உலகில் அழிவை எதிர்நோக்கும் நினைவுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பின்னர் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனத்தின் துணையோடு சில கட்டடங்கள் பழுதுபார்க்கப்பட்டன. வீடுகள் பல மாறிப்போயினும், ஃபத்ஹி மண்ணால் எழுப்பிய தொழுகைப் பள்ளி மாறவில்லை. நண்பகல் வெயிலில் வயலிலிருந்து வரும் உழவர்கள் அதன் குளிர்ந்த வளைவுகளின் கீழே தொழுகின்றனர்.