பர்ட் மன்ரோ

பர்ட் மன்ரோ (மார்ச்சு 25, 1899 – சனவரி 6, 1978) நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் ஆவார். இவரது முழுப்பெயர் ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்ரோ. 1920 ஆம் ஆண்டில் தயாரான இந்தியன் ஸ்கவுட் என்னும் மோட்டார் சைக்கிளை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் கையாலேயே மாற்றியமைத்து, அதே வண்டியில் 1967 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொன்னவில் உப்புச் சமவெளியில் உலக வேகச் சாதனை படைத்தார். அப்போது இவருக்கு வயது 68. வண்டிக்கு வயது 47. ஆய்வுக்கூடமோ பெருநிறுவனத்தின் ஆதரவோ இன்றி, பெரும்பாலான உதிரிப் பாகங்களை வீட்டுப் பட்டறையிலேயே செய்து இவ்வேகத்தை எட்டியமை இவரது தனிச்சிறப்பாகும்.

இந்தியன் என்பது அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இயங்கிய நிறுவனத்தின் வணிகப் பெயர். இதற்கும் இந்திய நாட்டுக்கும் தொடர்பில்லை.

இளமைக் காலம்

மன்ரோ, நியூசிலாந்தின் தென்கோடி நகரமான இன்வர்கார்கிலில் பிறந்தார். இவருடன் பிறந்த இரட்டைச் சகோதரி பிறப்பின்போதே இறந்துவிட்டார். இளமையில் பெர்ட் என அழைக்கப்பட்ட இவர், இன்வர்கார்கிலுக்குக் கிழக்கே எடென்டேல் என்னும் ஊரிலிருந்த குடும்பப் பண்ணையில் வளர்ந்தார். சிறுவயது முதலே வேகத்தில் நாட்டம் கொண்டிருந்தார். தந்தை கடிந்துகொண்டபோதும், பண்ணையிலிருந்த குதிரைகளுள் விரைவானதைத் தேர்ந்தெடுத்து ஓட்டுவது இவரது வழக்கம்.

முதல் உலகப் போர் முடிந்தபின் தந்தை பண்ணையை விற்றார். மன்ரோ, தெற்குத் தீவின் மலைத்தொடரைக் குடைந்து அமைக்கப்பட்டு வந்த ஒடிரா தொடருந்துச் சுரங்கப் பாதையில் சிறிது காலம் வேலை செய்தார். 8.5 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சுரங்கம் 1923 இல் திறக்கப்பட்டது. தந்தை புதிய பண்ணை ஒன்றை வாங்கியதும் அங்கு உழைக்க அழைக்கப்பட்டார். பின்னர் சில காலம் பந்தய ஓட்டுநராக வாழ்ந்த இவர், 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின் தொடக்கத்தில் ஊர் திரும்பி, மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகவும் பழுதுபார்ப்பவராகவும் பணிபுரிந்தார்.

இந்தியன் ஸ்கவுட்

மன்ரோ ஓட்டிய முதல் மோட்டார் சைக்கிள்களுள் கிளைனோ என்னும் ஆங்கிலேய வண்டியும் ஒன்று. 1920 இல் இவர் புதிய இந்தியன் ஸ்கவுட் ஒன்றை வாங்கினார். சார்லசு பிராங்க்ளின் என்னும் பொறியாளர் வடிவமைத்த இவ்வகை வண்டி அப்போதுதான் விற்பனைக்கு வந்திருந்தது. அது பந்தய வண்டி அன்று; நாள்தோறும் சாலையில் ஓட்டுவதற்கானது. இரு சிலிண்டர்கள் 'வி' எழுத்து வடிவில் அமைந்த அதன் எஞ்சின் ஏறத்தாழ 600 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. பல்லிணைப் பெட்டி மூன்று நிலைகளைக் கொண்டது. அதன் உச்ச வேகம் மணிக்கு 55 மைல் (89 கிமீ).

1926 இல் மன்ரோ இவ்வண்டியில் மாற்றங்களைச் செய்யத் தொடங்கினார். வேகமான புதிய வண்டிகள் பின்னர் சந்தைக்கு வந்தபோதும் இதைக் கைவிடவில்லை. இதனுடன் 1936 ஆம் ஆண்டின் வெலோசெட் என்னும் ஒற்றைச் சிலிண்டர் பிரித்தானிய வண்டியையும் வைத்திருந்தார். அதன் எஞ்சினை 650 கன சென்டிமீட்டராகப் பெரிதாக்கி, குறுந்தொலைவு நேர்ப்பாதைப் பந்தயங்களுக்குப் பயன்படுத்தினார்.

வீட்டுப் பட்டறை

பகலில் விற்பனைப் பணி, இரவில் வண்டி வேலை என்பதே மன்ரோவின் நடைமுறையாக இருந்தது. பல நாட்கள் விடியும் வரை வேலை நீண்டது. விலை கொடுத்துப் பாகங்களை வாங்க வசதியில்லாததால் தாமே செய்துகொள்ளக் கற்றுக்கொண்டார். பழைய பிஸ்டன்களை உருக்கி, தகர டப்பாக்களை அச்சாகக் கொண்டு புதிய பிஸ்டன்களை வார்த்தார். சிலிண்டர்களையும் ஃபிளைவீல்களையும் தாமே செய்தார். பிஸ்டனையும் சுழல்தண்டையும் இணைக்கும் தண்டுகளை, உடைந்த கேட்டர்பில்லர் டிராக்டர் ஒன்றின் அச்சிலிருந்து வெட்டி, மாதக்கணக்கில் அரத்தால் அராவி உருவாக்கினார். அளவு பார்ப்பதற்கு இவர் பயன்படுத்திய கருவிகளுள் சக்கரத்தின் பழைய ஆரக்கம்பி ஒன்றும் அடங்கும்.

இவர் செய்த பாகங்கள் பலமுறை உடைந்தன. எஞ்சினின் ஓரிடத்தில் ஆற்றலைக் கூட்டினால், அதுவரை தாங்கி வந்த வேறோரிடம் முறியும். பிஸ்டன் உருகும், அதைச் சரிசெய்தால் இணைப்புத் தண்டு ஒடியும், அதை வலுவாக்கினால் கிளட்சு வழுக்கும். எனவே ஒவ்வொரு முறிவும் அடுத்து எங்கே கைவைக்க வேண்டும் என்பதைக் காட்டியது. சிதைந்த பாகங்களை மன்ரோ எறிந்துவிடவில்லை. பட்டறையில் ஓர் அலமாரியில் அவற்றை வரிசையாக அடுக்கி, அவை வேகத்தின் கடவுளுக்குச் செலுத்திய படையல்கள் என அதன்மேல் எழுதி வைத்திருந்தார்.

மன்ரோவுக்கு நான்கு பிள்ளைகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947 இல், திருமண முறிவு ஏற்பட்டது. அதன்பின் வேலையைக் கைவிட்டு, இன்வர்கார்கிலில் வண்டிகளை நிறுத்தி வைக்கும் கொட்டகை ஒன்றிலேயே வாழத் தொடங்கினார். உறங்கும் இடமும் பட்டறையும் ஒன்றாயின. தொடர் வருமானமின்றி, முழுநேரமும் இரு வண்டிகளுக்கும் செலவிட்டார்.

எஞ்சினில் செய்த மாற்றங்கள்

ஸ்கவுட்டின் மூல எஞ்சின் பக்கவால்வு வகையைச் சேர்ந்தது. இவ்வகையில் வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் அமைந்திருக்கும். எரிபொருள் கலவை பக்கத்திலிருந்து மேலேறி, வளைந்து சிலிண்டருக்குள் நுழைய வேண்டும். எரியறையும் பக்கவாட்டில் அகன்றிருப்பதால் கலவையை மிகுதியாக அழுத்த இயலாது. அமைப்பு எளியது, மலிவானது. ஆனால் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு.

மன்ரோ இதனை மேல்வால்வு எஞ்சினாக மாற்றினார். வால்வுகளைச் சிலிண்டரின் தலைப்பகுதியில் அமைத்தால் கலவை நேராக உள்ளே இறங்கும். எரியறை சிறிதாகி அழுத்தம் கூடும். இதற்காகப் புதிய சிலிண்டர் தலைகளை வடிவமைத்தார். இரண்டு கேம்களைக் கொண்டிருந்த மூல அமைப்பை நான்கு கேம்களாக்கினார். இதனால் ஒவ்வொரு வால்வும் திறந்து மூடும் நேரத்தைத் தனித்தனியே வகுக்க முடிந்தது. எண்ணெய் ஊட்டும் அமைப்பையும் மாற்றினார். கூடிய ஆற்றலைத் தாங்குவதற்காக 17 தட்டுகள் கொண்ட கிளட்சையும், பல்லிணைப் பெட்டிக்கு ஆற்றலைக் கடத்த மும்மடிச் சங்கிலியையும் பொருத்தினார். எஞ்சினின் கொள்ளளவு படிப்படியாக உயர்ந்து 1967 இல் 950 கன சென்டிமீட்டரை எட்டியது.

வேகமும் காற்றுத் தடையும்

கொள்ளளவைக் கூட்டியதனால் மட்டும் இவ்வேகம் கிட்டவில்லை. ஓடும் வண்டியைக் காற்று பின்னுக்குத் தள்ளும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். அவ்விசையை வெல்லத் தேவைப்படும் ஆற்றலோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். மணிக்கு 55 மைலிலிருந்து 184 மைலுக்குச் செல்வது ஏறத்தாழ 3.3 மடங்கு வேகம். வண்டியின் வெளிவடிவம் மாறாதிருந்தால், காற்றை வெல்ல மட்டும் ஏறத்தாழ 37 மடங்கு ஆற்றல் தேவைப்பட்டிருக்கும். கொள்ளளவோ ஒன்றரை மடங்கிற்குச் சற்று மேல்தான் கூடியிருந்தது.

எனவே மன்ரோ எஞ்சினின் செயல்திறனைக் கூட்டியதோடு வண்டியின் வெளிவடிவத்தையும் மாற்றினார். முன்னும் பின்னும் குவிந்து, மீனை ஒத்த நீண்ட கூடு ஒன்றை வண்டிக்கு அமைத்தார். முதலில் அலுமினியத் தகட்டை அடித்துச் செய்த அவர், பின்னர் கண்ணாடி இழையாலான கூட்டைப் பயன்படுத்தினார். ஓட்டுபவர் அதனுள் குப்புறப் படுத்த நிலையில் அமர வேண்டும். இத்தகைய கூடு காற்றுத் தடையைக் குறைக்கும். ஆயினும் மிகு வேகத்தில் வண்டி தடுமாறினால் ஓட்டுபவர் எளிதில் வெளியேற முடியாது.

நியூசிலாந்தில்

இன்வர்கார்கிலுக்கு மேற்கே உள்ள ஒரெட்டி கடற்கரை மன்ரோவின் சோதனைக் களமாக விளங்கியது. நீண்டு நேராக அமைந்த இக்கடற்கரையில், அலை வற்றும் வேளையில் மணல் இறுகி வண்டி ஓட்ட ஏற்றதாகும். 1938 இல் இவர் தமது முதல் நியூசிலாந்து வேகச் சாதனையைப் படைத்தார். பின்னர் மேலும் ஏழு தேசியச் சாதனைகளை நிகழ்த்தினார். 1957 இல் ஒரெட்டி கடற்கரையில் மணிக்கு 131.38 மைல் (211.4 கிமீ) வேகத்தை எட்டினார். ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரிலும் பந்தயங்களில் கலந்துகொண்டார்.

பொன்னவில் பயணங்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பொன்னவில் உப்புச் சமவெளி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,280 மீட்டர் உயரத்தில் உள்ளது. வற்றிப்போன பழங்கால ஏரி ஒன்றின் அடித்தளமான இது, பல மைல்களுக்கு மேடுபள்ளமின்றிப் பரந்து கிடக்கிறது. இவ்வுயரத்தில் காற்று அடர்த்தி குறைந்திருப்பதால் தடை குறையும். அதே காரணத்தால் எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிசனும் குறையும். ஆகவே கடற்கரையில் சீராக ஓடிய எஞ்சினுக்கு இங்கே எரிபொருள் கலவையை மறுபடியும் சரிசெய்ய வேண்டியிருந்தது.

மன்ரோ இங்குப் பத்து முறை சென்றார். முதன்முறை பார்வையாளராகவும் ஏனைய ஒன்பது முறை போட்டியாளராகவும் சென்றார். போட்டியிடுவதற்கு வண்டியைக் கப்பலில் ஏற்றிப் பசிபிக் பெருங்கடலைக் கடக்க வேண்டியிருந்தது. இங்கு இவர் படைத்த சாதனைகள் பின்வருமாறு:

1962 – மணிக்கு ஏறத்தாழ 179 மைல் (288 கிமீ); எஞ்சின் கொள்ளளவு 850 க.செ.மீ.
1966 – மணிக்கு 168.07 மைல் (270.5 கிமீ), 1000 க.செ.மீ. பிரிவு
1967 – மணிக்கு 183.59 மைல் (295.5 கிமீ), 1000 க.செ.மீ. பிரிவு, எஞ்சின் கொள்ளளவு 950 க.செ.மீ.

காற்றின் திசையால் கிடைக்கும் சாதகத்தை நீக்குவதற்காக, எதிரெதிர்த் திசைகளில் இரு ஓட்டங்கள் ஓடி அவற்றின் சராசரியே சாதனையாகக் கொள்ளப்படும். 1967 இல் தகுதி பெறுவதற்காக ஒரு திசையில் ஓடிய ஓட்டத்தில் மன்ரோ மணிக்கு 190.07 மைல் (305.9 கிமீ) வேகத்தை எட்டினார். மணிக்கு 200 மைலைக் கடந்ததாகப் பரவலாகக் கூறப்படும் ஓட்டம் அதிகாரப்பூர்வச் சாதனைப் பட்டியலில் இடம்பெறவில்லை.

அதே ஆண்டில் ஓர் ஓட்டத்தின் பாதித் தொலைவைக் கடந்ததும் வண்டி கடுமையாகத் தள்ளாடத் தொடங்கியது. வேகத்தைக் குறைப்பதற்காக மன்ரோ உடலை நிமிர்த்திக் காற்றை எதிர்கொண்டார். காற்று இவரது கண்ணாடியைப் பறித்துச் சென்றது, பார்வையும் மறைந்தது. பாதையிலிருந்து விலகிய வண்டி இரும்புக் குறிக்கம்பம் ஒன்றை மயிரிழையில் தவிர்த்தது. இறுதியில் வண்டியை உப்புத் தரையில் சாய்த்து விழுந்த இவர், சிராய்ப்புகளுடன் உயிர் தப்பினார்.

இறுதிக் காலம்

1950களின் பிற்பகுதி முதலே மன்ரோவுக்கு இதய நோய் இருந்தது. அவரது பொன்னவில் சாதனைகள் அனைத்தும் இந்நோய் கண்ட பின்னரே நிகழ்ந்தவை. 1977 இல் பக்கவாதம் தாக்கியதால் கைகால்களின் ஒத்தியக்கம் குறைந்தது. இனி வண்டி ஓட்ட இயலாது என்ற நிலையில், இரு வண்டிகளும் தம் சொந்த மண்ணிலேயே இருக்க வேண்டும் என விரும்பி, உள்ளூர் வணிகரான நார்மன் ஹேய்சு என்பவரிடம் அவற்றை விற்றார். 1978 சனவரி 6 இல், தம் 78 ஆம் வயதில் காலமானார். இவரது உடல் இன்வர்கார்கிலில் அடக்கம் செய்யப்பட்டது.

சாதனைப் பதிவில் திருத்தம்

1967 ஆம் ஆண்டுச் சாதனைப் பதிவில் சராசரி கணிக்கப்பட்டதில் பிழை இருப்பதை மன்ரோவின் மகன் பின்னாளில் கண்டறிந்தார். இரு ஓட்டங்களின் வேகங்கள் மணிக்கு 184.710 மைல், 183.463 மைல் என்பன. இவற்றின் சராசரி 184.087 மைல் (296.26 கிமீ) ஆகும். மன்ரோ இறந்து 36 ஆண்டுகளுக்குப் பின், 2014 இல், அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் இத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. திருத்தத்தால் கூடியது அரை மைல் மட்டுமே.

நினைவும் திரைப்படமும்

மன்ரோ உயிருடன் இருந்தபோதே, ரோஜர் டொனால்ட்சன் இவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை 1971 இல் எடுத்தார். அவரே 2005 இல் உலகின் அதிவேக இந்தியன் என்று பொருள்படும் தலைப்பில் திரைப்படம் ஒன்றையும் இயக்கினார். அதில் அந்தோனி ஹாப்கின்சு மன்ரோவாக நடித்தார். இத்திரைப்படம் பல ஆண்டுப் பயணங்களை ஒரே பயணமாகச் சுருக்கிக் காட்டுகிறது. உண்மையில் முதல் சாதனைக்கும் இறுதிச் சாதனைக்கும் இடையே ஐந்து ஆண்டுகளும் பல எஞ்சின் முறிவுகளும் உள்ளன.

2006 இல் அமெரிக்க மோட்டார் சைக்கிள் புகழ் மண்டபத்தில் மன்ரோவின் பெயர் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் இன்வர்கார்கில் பகுதியில் இவரது பெயரால் மோட்டார் சைக்கிள் போட்டிகள் தொடங்கப்பட்டன. ஒரெட்டி கடற்கரைப் பந்தயம் அவற்றுள் ஒன்று. மன்ரோவின் இந்தியன் வண்டி, ஹேய்சு குடும்பத்தாரின் வன்பொருள் கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டது. விலைக்கு வாங்கிய ஒரு சாதாரண வண்டியை, உடைந்த பாகங்கள் காட்டிய வழியில் ஒவ்வொன்றாகத் திருத்தி எவ்வளவு தொலைவு கொண்டு செல்லலாம் என்பதற்கு அது சான்றாக விளங்குகிறது.