வெயிலை வேலை வாங்கியவர்
விஞ்ஞானி நீல்ரத்தன் தர் வரலாறு

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வெயிலைப் பற்றி யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மரக்காணம் உப்பளங்களில் கடல் நீரை வற்றவைத்து உப்பாக்குவது அந்த வெயில்தான்.

அதே வெயில் அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்யவும் உதவும். சாயம் கலந்த நீரில் ஒரு வெள்ளைப் பொடியைப் போட்டு வெயிலில் வைத்தால், சாயம் சிதைந்து நிறம் மறைகிறது. உலகம் எங்கும் இந்த ஆராய்ச்சி நடக்கிறது. நமக்குப் பக்கத்தில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் நடந்திருக்கிறது.

இத்தகைய பொடிகளை 1931-ம் ஆண்டிலேயே ஆராய்ந்தவர் ஓர் இந்தியர். அவர்தான் நீல்ரத்தன் தர்.

குருவும் சீடரும்

தர் 1892-ம் ஆண்டு ஜெசோரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது வங்காளதேசத்தில் இருக்கிறது. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் படித்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் பிரபுல்ல சந்திர ராய். ராய் பெரிய ரசாயன விஞ்ஞானி. ஆனாலும் எளிய உடை, எளிய சாப்பாடு. சம்பாத்தியத்தை ஆராய்ச்சிக்கும் மாணவர்களுக்கும் கொடுத்துவிடுவார். குருவின் படிப்போடு குணமும் சீடருக்கு வந்தது.

தர் மேல்நாடு சென்றார். 1917-ல் லண்டனிலும், 1919-ல் பாரிசிலும் டாக்டர் பட்டம் பெற்றார். அதே 1919-ம் ஆண்டு இந்தியா திரும்பி, அலகாபாத் மியூர் மத்தியக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியர் ஆனார். பின்னாளில் கண்ணாடி ஆராய்ச்சியில் பெயர் பெற்ற ஆத்மாராம் அவருடைய மாணவரே.

வெயிலில் ஒரு சோதனை

வெளிச்சம் பட்டால் பொருள்கள் எப்படி மாறுகின்றன? தரின் மனம் இந்தக் கேள்வியில் ஊன்றி நின்றது.

அவரும் கோபால ராவ் என்ற ஆராய்ச்சியாளரும் அம்மோனியா கலந்த நீரை எடுத்துக்கொண்டார்கள். டைட்டானியம் ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு போன்ற பொடிகளைச் சேர்த்து வெயில் படும்படி வைத்தார்கள். அம்மோனியா நைட்ரைட் என்ற வேறு பொருளாக மாறியது. இதை 1931-ல் வெளியிட்டார்கள். ஒளியின் ரசாயன வேலை பற்றித் தர் எழுதிய நூலும் அதே ஆண்டில் வெளிவந்தது.

இதில் பொடியின் வேலை என்ன? கல்யாணத் தரகரைப் போன்றது. தரகர் கல்யாணத்தை முடித்து வைப்பார். தாம் மாப்பிள்ளை ஆகமாட்டார். பொடியும் ஒளியின் சக்தியை வாங்கி, தண்ணீரையும் அதில் கரைந்த காற்றையும் தூண்டிவிடுகிறது. அவை அழுக்கைச் சிதைக்கின்றன. பொடி மட்டும் அப்படியே மிஞ்சுகிறது, மறுபடியும் பயன்படுத்தலாம்.

நம்பாதவர்கள் நடுவே

இதைக்கொண்டு தர் ஒரு பெரிய கருத்தைச் சொன்னார். மண்ணுக்கு நைட்ரஜன் சத்து சேர்ப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் என்பது உலகம் ஏற்றுக்கொண்ட முடிவு. வெப்ப நாடுகளில் சூரிய ஒளிக்கும் அதில் பெரும்பங்கு உண்டு என்றார் தர். பல விஞ்ஞானிகள் நம்பவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. சோதனைகளைத் தொடர்ந்தார்.

சர்க்கரை ஆலைகளில் மிஞ்சும் கழிவுப்பாகை உவர் நிலத்தில் இட்டு, அதை விளைநிலம் ஆக்கலாம் என்றும் காட்டினார். கரும்பு விளையும் விழுப்புரம் வட்டாரத்தாருக்கு அந்தப் பாகு புதிதல்ல.

தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து அலகாபாத்தில் மண் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை உண்டாக்கினார். அது அவர் மனைவி ஷீலா தரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1961-ல் இந்திய விஞ்ஞான காங்கிரசின் தலைவராகவும் இருந்தார்.

85-ம் வயதில் வந்த செய்தி

1977-ம் ஆண்டு. தருக்கு வயது 85. அமெரிக்காவில் சுராசர், குத் என்ற இருவர், டைட்டானியம் ஆக்சைடின்மேல் ஒளி பட்டபோது நைட்ரஜன் அம்மோனியாவாக மாறியதாக அறிவித்தார்கள். அதே ஆண்டில் பிராங்க், பார்ட் என்ற வேறு இருவர், அதே பொடியாலும் ஒளியாலும் நீரில் கலந்த சயனைடு விஷத்தை முறித்துக் காட்டினார்கள்.

மண்ணைப் பற்றி அவர் சொன்னது முழுவதையும் உலகம் ஏற்கவில்லை. நுண்ணுயிர்களுக்கே பெரும்பங்கு என்பது இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் ஒளியும் பொடியும் சேர்ந்து வேலை செய்யும் என்ற உண்மை நின்றுவிட்டது. 1986-ல் தர் காலமானார்.

இலைக் கஷாயத்தில் பொடி

அவருக்குப் பின் பொடி இன்னும் நுண்மையானது. ஒரு மீட்டரை 100 கோடி பங்காக்கினால் ஒரு பங்குக்கு நானோமீட்டர் என்று பெயர். அந்த அளவில் பொடி செய்கிறார்கள். முழு மஞ்சளைக் குழம்பில் போட்டால் நிறம் ஏறாது. இடித்துப் போட்டால் உடனே ஏறும். பொடி நுண்மையானால் வெளிச்சமும் அழுக்கும் படும் பரப்பு பெருகும்.

ஆனால் அதைச் செய்யும்போது கடுமையான ரசாயனங்களைக் கொட்டினால், ஒரு குளத்தைச் சுத்தம் செய்ய இன்னொரு குளத்தைக் கெடுத்த கதையாகும். ஆகவே சில ரசாயனங்களுக்குப் பதிலாக, வேப்பிலை போன்ற இலைகளின் கஷாயத்தைப் பயன்படுத்துகிறார்கள். கஷாயத்தில் உள்ள சத்துகள் துகள்கள் உருவாக உதவுகின்றன. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமலும் தடுக்கின்றன.

குறைகளும் இருக்கின்றன. டைட்டானியம் ஆக்சைடு வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை மட்டுமே பயன்படுத்தும். அது வெயிலில் ஒரு சிறு பங்குதான். வேலை முடிந்ததும் பொடியைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கவும் வேண்டும். நிறம் போன தண்ணீரெல்லாம் குடிதண்ணீர் ஆகிவிடாது. பரிசோதித்த பிறகே எதையும் சொல்ல முடியும்.

இந்தக் குறைகள் தீர்ந்தால், சாயக் கழிவால் கெட்ட நீருக்கு விலையில்லாத மருந்து கிடைக்கும். நம் நாட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. பிறர் நம்பாதபோதும் அந்த வெயிலை நம்பி உழைத்தவர் நீல்ரத்தன் தர்.