மெல்லக் கற்ற சிறுவன்

சார்ல்ஸ் டார்வின் 1809ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். தந்தை பெயர்பெற்ற மருத்துவர். எட்டு வயதில் தாயை இழந்த அவருக்கு அக்காள் கரோலின் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். ஆனால், தங்கை கேத்தரின் கற்ற வேகத்திற்கு டார்வினால் ஈடுகொடுக்க இயலவில்லை.

பள்ளியிலும் அதே நிலைதான். அங்கு இலத்தீனும் கிரேக்கமுமே முக்கியப் பாடங்கள். காலையில் மனனம் செய்த செய்யுள் வரிகள் இரண்டே நாளில் அவருக்கு மறந்துவிடும். வேட்டையிலும் நாய்களிலும் பொழுதைக் கழிக்கும் மகன் குடும்பத்திற்கே இழுக்குத் தேடித்தருவான் என்று தந்தை ஒருநாள் கடிந்துகொண்டார். அச்சொல் டார்வினின் மனத்தில் முதுமை வரை தங்கியிருந்தது.

அண்ணன் எராஸ்மஸ் அவரை வேறுவிதமாக நடத்தினார். வீட்டுத் தோட்டத்தில் கருவிகள் வைக்கும் கொட்டகையை வேதியியல் கூடமாக மாற்றி, தம்பியைத் தமக்கு உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். இருவரும் இரவு நெடுநேரம் வரை வாயுக்களைத் தயாரித்துப் பார்த்தனர். பாடத்தில் சோர்ந்துபோகும் சிறுவனுக்கு அங்கே தூக்கமே வரவில்லை! செய்தியறிந்த மாணவர்கள் அவருக்கு ‘வாயு’ என்று பட்டப்பெயர் சூட்டினர். தலைமையாசிரியரோ, வீண்வேலையில் காலத்தைக் கழிப்பதாக எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார்.

மருத்துவப் படிப்பைப் பாதியில் கைவிட்ட டார்வின், பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோ, வண்டு சேகரிப்பதில் அவருக்கிருந்த ஆர்வத்தைக் கண்டு, தம்முடன் உலாவ அழைத்துச் சென்றார். பல நாள் நடையும் பேச்சுமே அவருக்குப் பாடமாயின.

1831ஆம் ஆண்டு, ‘பீகிள்’ கப்பலில் உலகைச் சுற்றிவரும் வாய்ப்புக்கு ஹென்ஸ்லோ அவரைப் பரிந்துரைத்தார். தந்தை மறுத்தார். டார்வினும் மனமின்றி இசைந்து, வரவில்லை என்று எழுதிவிட்டார். அப்போது தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட், தந்தையின் மறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் கடிதத்தில் விடையளித்தார். தந்தை மனம் மாறினார், செலவையும் ஏற்றுக்கொண்டார்.

ஐந்தாண்டுப் பயணம் அவரை அறிவியலாளராக்கியது. எனினும், நிதானம் மட்டும் மாறவில்லை. பாறைகளில் ஒட்டி வாழும் கொட்டலசு என்னும் சிற்றுயிரை எட்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல், கருத்து உருவாகி ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1859இல் வெளிவந்தது. மண்புழுக்கள் மண்ணை எவ்வளவு மேலே கொண்டுவருகின்றன என்பதை அறிய, 1842இல் ஒரு வயலில் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பினார். அவை எவ்வளவு ஆழத்தில் புதைந்துள்ளன என்று தோண்டிப் பார்த்தது 29 ஆண்டுகளுக்குப் பின்னர்தான். ஏழு அங்குல ஆழத்தில் வெண்ணிறக் கோடாக அவை தெரிந்தன.