சாவடியைக் கட்டியவர்



நல்ல சமாரியர் உவமையைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர் காயத்தைக் கட்டியதோடு நின்றுவிடவில்லை. அடிபட்டவரைத் தம் விலங்கின் மீது ஏற்றிச் சாவடிக்குக் கொண்டு சேர்த்தார். செலவுக்குப் பணமும் கொடுத்தார். அந்தச் சாவடி மட்டும் இல்லாதிருந்தால்? தமிழகத்தில் புற்றுநோயாளிகளுக்கு அப்படியொரு சாவடியைக் கட்டித் தந்த பெண்மணியை இன்று நாம் நினைவுகூர்வோம்.

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தாயார் சந்திரம்மாள், சமுதாயம் தாழ்வாகப் பார்த்த குலத்தைச் சேர்ந்தவர். பெண்கள் படிப்பதே அரிதாயிருந்த அக்காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்றார் முத்துலட்சுமி. பின்னர் சென்னை மாகாண சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகி, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். ஆதரவற்ற சிறுமிகளுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரம் அவருள் ஓர் உறுதியாக மாறியது. புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. அவர் தளரவில்லை, வீடு வீடாகக் கையேந்தவும் தயங்கவில்லை. 1952இல் அடையாற்றில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் பன்னிரண்டே படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஏழைகளும் அங்கே சிகிச்சை பெற்றனர். 1968 ஜூலை 22 அன்று அவர் மறைந்தார். அவர் விதைத்தது இன்று பெரும் மரமாக நிற்கிறது.

அடையாறு எங்கே, நம் வடுகபட்டி எங்கே என்று எண்ணத் தோன்றலாம். நம் வயல்களிலிருந்து நிமிர்ந்தாலே மேற்குத் தொடர்ச்சி மலை தெரிகிறது. அந்த மலைகளிலும் அடிவாரத்திலும் பளியர் இன மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். தேன், கிழங்கு, மூலிகை சேகரித்தும் தோட்டங்களில் கூலி வேலை செய்தும் பிழைக்கின்றனர். அங்கே ஒரு தாய்க்கு உடம்பில் கட்டியோ, நிற்காத உதிரப்போக்கோ வந்தால், வலி தாங்க முடியாமல் போகும்வரை மலையிறங்குவது கடினம். ஒரு நாள் கூலி போகும், பேருந்துக் கட்டணம் வேண்டும், பெரிய மருத்துவமனையில் எந்த வாசலுக்குப் போவதென்று தெரியாது. கருப்பைவாய்ப் புற்றுநோயோ தொடக்கத்தில் கண்டறிந்தால் குணப்படுத்தக் கூடியது.

நம் பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லிலேயே இதற்குச் சான்று உண்டு. அங்கே கிராமப் பெண்களுக்கு எளிய முறையில், புளிக்காடி தடவிப் பார்க்கும் சோதனை செய்தனர். இந்நோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. பெண்கள் சோதனைக்கு வந்து சேர்வதே தேவைப்பட்டது.

இன்று சாவடிகள் பல உள்ளன. நம் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைகளுக்குப் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும். ஆனால் அட்டை எடுக்கவும், விண்ணப்பம் நிரப்பவும், சிகிச்சை முடியும்வரை திரும்பத் திரும்ப அழைத்துச் செல்லவும் ஒருவர் துணை வேண்டும். சமாரியரின் விலங்கு சுமந்த பாரம் இதுவே.

எனவே நம் அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசுவோம். மலையடிவாரத்தில் வாழும் ஒரு குடும்பத்தையாவது ஒவ்வோர் அன்பியமும் அறிந்து பழகட்டும். நோயுற்றவருடன் மருத்துவமனை வரை செல்ல ஒருவர் முன்வரட்டும். நம் வீட்டுப் பெண்களும் கூச்சத்தை விட்டுச் சோதனை செய்துகொள்ளட்டும்.

முத்துலட்சுமி அம்மையார் தம் தங்கைக்காக அழுத கண்ணீரைப் பிறர் தங்கைகளுக்கு மருந்தாக்கினார். மலைமேல் வாழும் நம் சகோதரிகளைச் சுமந்து செல்லும் மனத்தை நமக்கும் தர இறைவனை வேண்டுவோம்.