மைதானக் கூடாரம் முதல் நூறு திரையரங்குகள் வரை: ஜே.எஃப். மதன் கட்டிய சினிமா சாம்ராஜ்யம்

கொல்கத்தா: இந்திய சினிமாவின் வரலாறு பெரும்பாலும் படம் எடுத்தவர்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. அதனால்தானோ என்னவோ, படம் காட்டுவதைப் பெருந்தொழிலாக்கிய ஜாம்ஷெட்ஜி ஃப்ராம்ஜி மதன், தாதாசாகேப் பால்கே அளவுக்கு நினைவுகூரப்படுவதில்லை. ஆனால் மௌனப்படக் காலத்தில் மக்கள் எந்தப் படத்தைப் பார்ப்பது என்பதைப் பெருமளவு தீர்மானித்தது அவரது நிறுவனமே.

1856-ல் மும்பையில் பார்சி குடும்பத்தில் பிறந்த மதன், சிறு வயதிலேயே எல்பின்ஸ்டன் நாடகக் குழுவில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் கொல்கத்தாவில் குடியேறி, மது வணிகத்திலும் ராணுவத்துக்குப் பொருட்கள் வழங்குவதிலும் செல்வம் சேர்த்தார். அப்போதும் நாடகப் பற்று அவரை விடவில்லை. பார்சி நாடகக் குழுக்களையும் கொரிந்தியன் அரங்கையும் விலைக்கு வாங்கினார்.

1902-ல் பிரான்சின் பாத்தே நிறுவனக் கருவிகளைக் கொண்டு, கொல்கத்தா மைதானத்தில் கூடாரம் அமைத்து பயாஸ்கோப் காட்சிகளைத் தொடங்கினார். கூடாரத் தொழில் மழைக்காலத்தில் படுத்துவிடும். எனவே 1907-ல் எல்பின்ஸ்டன் பிக்சர் பேலஸ் என்ற நிரந்தரத் திரையரங்கை நிறுவினார். மதனின் வணிக உத்தி இங்கேதான் திசை மாறியது. அடுத்தடுத்து பிற நகரங்களிலும் அரங்குகளைப் பிடித்தார். வெளிநாட்டிலிருந்து வாங்கிய ஒரே படச்சுருளைத் தமது அரங்குகளில் மாற்றி மாற்றி ஓட்ட முடிந்ததால், அரங்குகள் பெருகப் பெருகச் செலவு குறைந்தது. படங்களை வாங்கும் பலமும் கூடியது.

அரங்குகளை நிரப்பத் தொடர்ந்து படங்கள் தேவைப்பட்டன. பால்கேயின் முதல் படம் வந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1917-ல், 'சத்யவாதி ராஜா ஹரிச்சந்திரா'வை மதன் தயாரித்தார். 1919-ல் வெளியான 'பில்வமங்கள்' வங்கத்தின் முதல் முழுநீளக் கதைப்படமாகக் கருதப்படுகிறது. நடிகர்கள், ஆடை அணிகலன்கள், கதைகள் என அனைத்தும் அவரது நாடகக் குழுக்களிலிருந்தே கிடைத்தன. படங்களில் மேடை வாடை வீசியது உண்மை. ஆனால் முதலீட்டுக்கு அது பாதுகாப்பான வழி. அதே 1919-ல் நிறுவனம் 'மதன் தியேட்டர்ஸ் லிமிடெட்' என்ற பங்கு நிறுவனமானது. தயாரிப்பு, விநியோகம், திரையிடல் மூன்றும் ஒரே கூரையின் கீழ் வந்தன.

1923-ல் மதன் காலமானார். மகன் ஜே.ஜே. மதன் தலைமையில் நிறுவனம் மேலும் விரிந்து, 1920-களின் இறுதியில் இந்தியா, பர்மா, இலங்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட அரங்குகளைத் தன் பிடியில் வைத்திருந்தது. ஏகபோகம் என்ற முணுமுணுப்பும் எழுந்தது. சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-ல் அமைக்கப்பட்ட திரைப்பட விசாரணைக் குழுவின் முன்பும் இப்புகார் வந்தது.

நிறுவனத்தைச் சாய்த்தது போட்டியாளர்கள் மட்டுமல்ல, ஒலியும்தான். 1931-ல் பேசும்படம் வந்தபோது மதன் நிறுவனம் பின்தங்கிவிடவில்லை. 'ஷிரின் ஃபர்ஹாத்', முதல் வங்காளப் பேசும்படமான 'ஜமாய் ஷஷ்டி' ஆகியவற்றை அதே ஆண்டிலும், ஏறத்தாழ 70 பாடல்கள் கொண்ட 'இந்திர சபா'வை 1932-லும் வெளியிட்டது. ஆனால் ஒவ்வோர் அரங்கிலும் ஒலிக்கருவி பொருத்தியாக வேண்டும். ஓர் அரங்கு வைத்திருந்தவருக்கு ஒரு கருவி போதும். மதன் குடும்பத்துக்கோ அரங்குகளின் எண்ணிக்கையே சுமையானது. உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, சில ஆண்டுகளிலேயே அரங்குகள் ஒவ்வொன்றாகக் கைமாறின.

எல்பின்ஸ்டன் பிக்சர் பேலஸ் பின்னாளில் மினர்வா, சாப்ளின் எனப் பெயர்கள் மாறி, இறுதியில் இடிக்கப்பட்டது. மத்திய கொல்கத்தாவில் மதன் பெயர் தாங்கிய தெரு ஒன்று இன்றும் உள்ளது.